அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்கிறோம், சான்றிதழ் கேட்கிறோமா?

தாழ்வாரம் எழுதியது:

அகதிப் பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் கட்டடம், புத்தகப்பை, நோட்டு என்று போய் முடிந்துவிடுகிறது. நன்கொடை கேட்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கொடுப்பவர்களும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏழு வருடமாக அகதிக் குடும்பங்களுக்காகப் பள்ளிச் சேர்க்கைக்கு அலைகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன், அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயத்தை இங்கே கொட்டியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி. முகாமில் ஒரு கற்றல் மையத்தில் நான்கு வருடம் விடாமல் படித்தவள். கணக்கு சரளமாக வரும். குடும்பம் வேறு நாட்டில் குடியேறியபோது பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனோம். அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எந்த வகுப்பு தேர்ச்சி?" அவளிடம் பதில் இருந்தது, காகிதம் இல்லை. அந்த மையம் எந்த அரசின் பதிவிலும் இல்லாதது, அது கொடுத்த அட்டையில் வகுப்பு எண்கூடக் கிடையாது, "நிலை 3" என்று மட்டும் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள், அப்புறம் நின்றுவிட்டாள். நான்கு வருடம் உழைத்துப் படித்தது எங்கேயும் கணக்கில் சேரவில்லை.

1951 அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள், இரண்டே பத்திதான். தொடக்கக் கல்வியில் சொந்தக் குடிமக்களை எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே அகதிகளையும் நடத்துங்கள் என்கிறது முதல் பத்தி. இரண்டாவது பத்தி அதற்கு மேலான படிப்பைப் பற்றியது. வெளிநாட்டுச் சான்றிதழ், பட்டம் ஆகியவற்றை அங்கீகரிப்பது, கட்டணக் குறைப்பு, உதவித்தொகை என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆனால் "குடிமக்களுக்குச் சமமாக" என்பது அங்கே இல்லை, முடிந்தவரை சாதகமாக, மற்ற வெளிநாட்டவரைவிடக் குறையாமல் என்று குரல் இறங்கிவிடுகிறது. அந்த இறக்கம் அப்படியே எண்ணிக்கையிலும் தெரியும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2023 கல்வி அறிக்கைப்படி அகதிப் பிள்ளைகளில் தொடக்கப் பள்ளியில் 65 சதவீதம், மேல்நிலை வரையான பள்ளியில் 41 சதவீதம், கல்லூரியில் ஒற்றை இலக்கம். பள்ளி வயதில் இருந்த 1.48 கோடிப் பேரில் பாதிக்கு மேல், அதாவது 70 லட்சத்துக்கும் அதிகமானோர், பள்ளிக்கே வெளியே.

என் கருத்து இதுதான்: அகதிகளுக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் தனிக் கற்றல் மையம் கேட்பதோடு நிற்கக் கூடாது. அந்த நாட்டின் சொந்தப் பள்ளியில் இடம், அதன் பொதுத்தேர்வில் பதிவெண், அதன் சான்றிதழ், இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உங்களில் யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.


கடலோடி எழுதியது:

நீங்கள் சொல்லும் வலி புரிகிறது, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அகதியாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பத்தான் ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகள் புகலிட நாட்டின் மொழியிலும் பாடத்திட்டத்திலும் படித்துவிட்டு நாளை திரும்பிப் போனால், அங்கே அந்தச் சான்றிதழை யார் மதிப்பார்கள்? சொந்த நாட்டு வரலாறும் மொழியும் தெரியாமல் வளர்கிற பிள்ளைக்குத் திரும்பிப் போக மனம் வருமா? பல இடங்களில் பெற்றோர்களே சொந்தப் பாடத்திட்டம்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதை வெறும் காகிதப் பிரச்சினையாகப் பார்ப்பது சரியில்லை.


தாழ்வாரம் எழுதியது:

கடலோடி, இது நியாயமான கேள்வி, எனக்கும் ஆரம்பத்தில் இதே குழப்பம் இருந்தது. நடந்ததைப் பார்த்துத்தான் மனம் மாறியது.

2003க்குப் பிறகு சூடானின் டார்பூர் பகுதியிலிருந்து பக்கத்து நாடான சாடின் கிழக்குப் பகுதிக்கு வந்தவர்களின் முகாம்களில் சூடான் பாடத்திட்டத்தில்தான் பள்ளிகள் நடந்தன. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கை. பத்து வருடம் போயிற்று. யாரும் திரும்பும் நிலை வரவில்லை, சூடான் தேர்வை எழுதுவதே பெரும்பாடாகிவிட்டது. 2014இல் சாடு நாட்டின் பாடத்திட்டத்துக்கு மாற ஆரம்பித்தார்கள். பெற்றோரிடம் எதிர்ப்பு இருந்தது, நீங்கள் சொல்கிற அதே காரணத்துக்காகத்தான். துருக்கியிலும் கிட்டத்தட்ட இதே கதை. சிரியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதலில் அரபு மொழியில் தற்காலிகக் கல்வி மையங்கள் வைத்தார்கள், 2016இல் அவற்றைப் படிப்படியாக மூடிவிட்டுத் துருக்கி அரசுப் பள்ளிகளுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். "தற்காலிகம்" என்று எழுதிய பலகையின் கீழே ஒரு பிள்ளையின் மொத்தப் பள்ளிக்காலமும் முடிந்துவிடும். அதுதான் ஆபத்து.

இதற்கு நேர்மாறான உதாரணம் வங்கதேசம். 2017இல் மியான்மரிலிருந்து ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் வந்தபோது, அவர்களின் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கவும் அனுமதி இல்லை, வங்கதேசப் பாடத்திட்டத்தை முகாமில் நடத்தவும் அனுமதி இல்லை. மூங்கில் கொட்டகையில் கற்றல் மையங்கள்தான். மியான்மர் பாடத்திட்டம் சோதனை முறையில் தொடங்கவே 2021 கடைசி ஆகிவிட்டது. நான்கு வருடம்! வந்தபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

சொந்த மொழியையும் வரலாற்றையும் விடச் சொல்லவில்லை. அதைக் கூடுதல் வகுப்பாக, சமூகமே நடத்தும் மாலைப் பள்ளியாக, ஏன் பள்ளிக்குள்ளேயே ஒரு பாடமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முதுகெலும்பாக இருக்க வேண்டியது எங்காவது ஒரு அரசு கையெழுத்துப் போட்ட படிப்பு. பாலஸ்தீன அகதிகளுக்காக 1950இலிருந்து இயங்கும் ஐ.நா. நிவாரண அமைப்பின் பள்ளிகளைப் பாருங்கள், அந்தந்தப் புகலிட நாட்டின் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன. கென்யாவில் ககுமா, டடாப் முகாம்களின் பிள்ளைகள் கென்யாவின் பொதுத்தேர்வையே எழுதுகிறார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மதிப்பெண் பட்டியலை யாரும் "இது என்ன அட்டை?" என்று கேட்பதில்லை.


நேர்ப்பேச்சு எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வகுப்பறை இல்லை, ஒரு ஆசிரியர் எழுபது பேரைப் பார்க்கிறார். அங்கே இன்னும் முப்பது பேரைக் கொண்டு போய்த் திணித்தால் இரண்டு பக்கமும் கெடும். அந்த ஊர்ப் பெற்றோர் கோபப்பட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இதைப் பேசவே கூடாது என்பது போல நடந்துகொள்கிறார்கள்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் நேர்ப்பேச்சுக்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் கோபம் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கு ஒரே கல்வியாண்டில் நாற்பதுக்கு மேல் அகதிப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் பருவத்தில் பெற்றோர் கூட்டத்தில் நடந்த சண்டை இன்னும் காதில் கேட்கிறது. ஆனால் அந்தச் சண்டை எப்படி அடங்கியது தெரியுமா? அகதிப் பிள்ளைகளுக்கென்று வந்த பணத்தில் இரண்டு கூடுதல் ஆசிரியர்களும் ஒரு கழிப்பறைக் கட்டடமும் வந்தன, அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று தலைமையாசிரியர் முதல் நாளே அறிவித்தார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் குரல் உயரவில்லை.

பணம் தனியாக ஒரு வேலிக்குள் போனால் வெளியே இருப்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும். உகாண்டாவில் 2018இல் கொண்டுவந்த அகதிகள் கல்வித் திட்டம் அகதிகளையும் அவர்களை ஏற்ற உள்ளூர் மக்களையும் ஒன்றாகவே கணக்கில் வைத்து எழுதப்பட்டது, அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். அகதிகளில் பெரும்பாலோரைத் தாங்குவது பணக்கார நாடுகள் இல்லை, குறைந்த, நடுத்தர வருமான நாடுகள். அந்தச் செலவை அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டு "ஏன் இடம் தரவில்லை" என்று கேட்பது அநியாயம். ஆகவே கோரிக்கை வைப்பவர்கள் இரண்டு வாசலையும் தட்ட வேண்டும், புகலிட நாட்டின் கல்வி அமைச்சகத்தையும், பணம் தரக்கூடிய நாடுகளின் அரசுகளையும்.

சிரியப் பிள்ளைகளுக்காக லெபனானிலும் ஜோர்டானிலும் செய்தது போல மாலை ஷிப்டு வைப்பது அவசரத்துக்கு நல்லது. ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம், பல்லாயிரம் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் மாலையில் வரும் பிள்ளைகளுக்குக் குறைந்த நேர வகுப்பு, களைத்துப்போன ஆசிரியர், இருட்டில் வீடு திரும்பும் பெண் பிள்ளைகள். உள்ளூர்ப் பிள்ளையும் அகதிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய நாட்களே கிடையாது. ஐந்து வருடம் அப்படி ஓடினால் அது பள்ளிக்குள்ளேயே இன்னொரு முகாம்.

இன்னொன்று, வயது. ஜோர்டானில் மூன்று வருடமோ அதற்கு மேலோ படிப்பு விட்டுப்போன பிள்ளையை வழக்கமான பள்ளியில் சேர்க்க முடியாது என்று ஒரு விதி உண்டு. போரில் மூன்று வருடம் இழப்பது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வகுப்புப் பாடத்தை ஒரே வருடத்தில் முடிக்கும் துரித வகுப்புகள்தான் இதற்கு மருந்து, நானே நடத்தியிருக்கிறேன், முடியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளை அளவுக்கு மெதுவாகக் கற்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் துரித வகுப்பு முடிந்ததும் ஏறிக்கொள்ள வழக்கமான வகுப்பில் இடம் எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத துரித வகுப்பு முட்டுச்சந்துதான்.


நேர்ப்பேச்சு எழுதியது:

வாத்தியார் ஐயா, கழிப்பறை உதாரணம் எனக்குப் புரிகிறது. நான் பிள்ளைகளுக்கு எதிரி இல்லை. இப்படி யாரும் விளக்கியதில்லை.


மின்மினி எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் பதினொரு வயதில் அகதியாக வேறு நாட்டுக்குப் போனவள். எனக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. சான்றிதழும் கடைசியில் கிடைத்தது. ஆகவே தாழ்வாரம் கேட்பதெல்லாம் எனக்குக் கிடைத்தவைதான்.

ஆனால் முதல் இரண்டு வருடம் எனக்கு எதுவும் புரியவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுத்துகளைப் படம் வரைவது போல நோட்டில் வரைந்துகொண்டு வருவேன். ஊரில் கணக்கில் முதலாவதாக வந்தவள் நான். இங்கே வாய்க்கணக்கு கேட்டபோது கேள்வியே புரியாமல் நின்றேன், மக்கு என்று முடிவுகட்டிவிட்டார்கள், கடைசி வரிசைக்குப் போனேன். மூன்றாவது வருடம் ஒரு ஆசிரியை மதிய இடைவேளையில் தினமும் இருபது நிமிடம் உட்கார வைத்து மொழி சொல்லிக்கொடுத்தார். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை, சம்பளமும் இல்லை. அவர் இல்லாவிட்டால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு நல்ல மனுஷியின் மதிய இடைவேளையை நம்பி இருக்கக் கூடாது, தாழ்வாரம். நீங்கள் சொன்ன மூன்றோடு மொழி வகுப்பையும் நான்காவதாகச் சேர்த்துக் கேளுங்கள். சிரியாவிலிருந்து லெபனானுக்குப் போன பிள்ளை அரபு பேசும் பிள்ளை, வந்ததும் அரபு பேசும் நாட்டுக்குத்தான், ஆனாலும் அங்கே கணக்கையும் அறிவியலையும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ நடத்துகிறார்கள், அங்கேயே எத்தனையோ பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள்.

அப்புறம் அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு படிவத்திலும் கேட்பார்கள். என் அப்பா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியாத வருடங்கள் அவை. அம்மா கையெழுத்துப் போட்டால் ஏற்கமாட்டேன் என்ற அந்த அலுவலகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.


தாழ்வாரம் எழுதியது:

மின்மினி, எழுதியதற்கு நன்றி. மொழியை நான் விட்டது பிழைதான், ஏற்கிறேன். சேர்க்கைக்கு அலைந்து அலைந்து வாசல்வரைதான் என் கண் போகிறது, உள்ளே நடப்பதை உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். இனிமேல் நாங்கள் தரும் மனுக்களில் மொழி வகுப்பும் பாதுகாவலர் கையெழுத்தும் இருக்கும்.


ஓடைக்கரை எழுதியது:

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே என்றால் மன்னிக்கவும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அகதிக் குடும்பம். அந்தத் தம்பி சொந்த நாட்டில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், ஓடிவந்தபோது எதையும் எடுத்து வரவில்லை, அவன் படித்த கல்லூரிக் கட்டடமே இப்போது இல்லை என்கிறான். நாங்கள் இருப்பது ஐரோப்பாவில். இங்கே ஒரு கல்லூரியில் விசாரித்தால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். இவனுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?


தாழ்வாரம் எழுதியது:

தலைப்புக்கு வெளியே இல்லை, இதுதான் தலைப்பே.

வழி இருக்கிறது. 1997இல் லிஸ்பனில் செய்த ஒரு உடன்படிக்கை உண்டு, உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிப்பது பற்றியது. அதன் ஏழாவது பகுதி அகதிகளுக்கானது. காகிதம் இல்லாவிட்டாலும் அவர்களின் தகுதியை நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிட வழிமுறை வைக்க வேண்டும் என்கிறது. நீங்கள் இருக்கும் நாடு அதில் சேர்ந்திருந்தால், அந்தக் கல்லூரி "அசல் இல்லை" என்ற ஒற்றை வரியோடு கதவை மூடியது முறையில்லை என்று நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) 2017இல் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றைத் தொடங்கியது. பெயரில்தான் கடவுச்சீட்டு, பயணத்துக்கு உதவாது. கையில் இருக்கும் துண்டுத்தாள்கள், மாணவர் அட்டை, மதிப்பெண் படம் எதுவானாலும் சேர்த்துக் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால், மதிப்பிடும் நிபுணர்கள் நேர்காணல் வைப்பார்கள். என்ன பாடம் படித்தாய், தேர்வு எப்படி நடக்கும், எந்த ஆய்வகத்தில் எதைச் செய்தாய் என்றெல்லாம் கேட்பார்கள். உண்மையில் படித்தவனுக்குத்தான் அதற்குப் பதில் வரும். முடிவில் தரும் ஆவணம் ஐந்து வருடம் செல்லும். அது பட்டச் சான்றிதழுக்கு ஈடு இல்லை, எந்தக் கல்லூரியையும் கட்டாயப்படுத்தாது, ஆனால் சேர்க்கை அலுவலரின் மேசையில் வைக்க ஒரு காகிதம் கிடைத்துவிடும். யுனெஸ்கோவும் இதே வகையில் ஒன்று வைத்திருக்கிறது, ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்கள் அதை விசாரிக்கலாம்.

பணத்துக்கு, ஜெர்மனி அரசின் உதவியோடு 1992இலிருந்து நடக்கும் டாஃபி உதவித்தொகை உண்டு. ஆனால் அது முதல் புகலிட நாட்டிலேயே இளங்கலை படிப்பவர்களுக்கானது, தம்பிக்குப் பொருந்துவது கடினம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2030க்குள் அகதி இளைஞர்களில் 15 சதவீதம் பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அகதிகள் ஆணையம் இலக்கு வைத்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு கல்லூரியில் இருந்தவர்கள் வெறும் 1 சதவீதம்தான், ஆகவே நகர்கிறது, மெதுவாகத்தான்.


கடலோடி எழுதியது:

முதலில் எதிர்த்து எழுதியவன் நான். சாடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் தாய்மொழிப் பாடம் பற்றிய கவலை அப்படியே இருக்கிறது. ஒரு கேள்வி. பள்ளி நேரடியாகச் "சேர்க்க முடியாது" என்று சொன்னால் அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? சட்டப் பிரிவையா வாசிப்பீர்கள்?


தாழ்வாரம் எழுதியது:

சட்டப் பிரிவை வாசித்தால் அலுவலகத்தில் இருப்பவர் விறைத்துக்கொள்வார், அதை நாங்கள் கடைசியில்தான் எடுக்கிறோம். முதலில் கேட்பது, "இந்தக் காரணத்தை எழுத்தில் தர முடியுமா?" என்றுதான். சண்டைக் குரலில் இல்லாமல், சாதாரணமாக. பாதி இடங்களில் அதோடு பேச்சு மாறிவிடும், ஏனென்றால் வாய்மொழியாக மறுப்பது சுலபம், கையெழுத்துப் போட்டு மறுப்பது கஷ்டம். எழுதித் தந்துவிட்டால் அதுவும் நல்லதே, மேலிடத்துக்குக் கொண்டு போக ஒரு ஆதாரம் கிடைத்தது.

அப்புறம் காகிதம் வரும்வரை தற்காலிகச் சேர்க்கை கேட்போம். பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும், எந்த வகுப்பு என்பதை ஒரு தேர்வு வைத்து முடிவுசெய்யுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு நாங்கள் பின்னால் அலைகிறோம் என்போம். இது புதுமை இல்லை. தாய்லாந்து 2005இலேயே அடையாள ஆவணம் இல்லாத பிள்ளைகளையும் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. ஆவணம் இல்லாத ஆப்கன் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி 2015இல் ஈரானில் உத்தரவு வந்தது. இவர்களால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும் என்று அமைதியாகச் சொல்லலாம்.

மனு எழுதும்போது நாட்களை எண்ணி எழுதுங்கள். 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் பற்றிய உலகளாவிய உடன்பாட்டில், வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பிள்ளைகள் கல்விக்குள் வர வேண்டும் என்ற நோக்கம் இருக்கிறது. அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் "இந்தப் பிள்ளை வந்து 214 நாள் ஆகிறது" என்று முதல் வரியில் எழுதினால் படிக்கிறவருக்கு உறைக்கிறது. மிக முக்கியமாக, சேர்க்கை கிடைத்ததும் கொண்டாடிவிட்டுப் போய்விடாதீர்கள். பொதுத்தேர்வுக்குப் பதிவெண் வாங்கினார்களா என்று அடுத்த வருடமும் போய்க் கேளுங்கள். வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்து, அடையாள எண் இல்லாததால் தேர்வுக்குப் பெயரே போகாத இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

பதிவெண் விஷயத்தை ஆசிரியர்கள் கவனிக்கலாம். பெயர்ப்பட்டியல் முதலில் எங்கள் கைக்குத்தான் வரும். பட்டியலை அனுப்பும் முன் வகுப்பில் இருக்கும் தலைகளையும் பட்டியலில் இருக்கும் பெயர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே விடுபட்டது தெரிந்துவிடும்.


ஓடைக்கரை எழுதியது:

நேற்று இரவு தம்பியோடு உட்கார்ந்து அந்தக் கேள்வித்தாளை நிரப்பத் தொடங்கினோம். முதலாண்டில் படித்த பாடங்களைக் கேட்கும் இடம் வந்ததும் அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். பதினோரு பாடத்தின் பெயரையும் வரிசையாக எழுதினான், யார் நடத்தினார், எந்த அறையில் என்பது வரை. அவன் மாமா அலைபேசியில் பழைய மாணவர் அட்டையின் படம் ஒன்று இருக்கிறதாம், இன்று கேட்டு வாங்குகிறோம். மின்மினி, நேர்காணல் அவன் தாய்மொழியில் இருக்குமா, இல்லை இந்த நாட்டு மொழியிலா என்று அவனுக்குப் பயம். மொழிபெயர்ப்பாளர் தருவார்களா என்று நாளை தொலைபேசியில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.